சீசன் டூட்டிக்கு ஆள் தரமாட்டோம்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், ஆண்கள் வார்டில், நான் ஒப்பந்த உதவியாளன். குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, மாத்திரையை விழுங்கினார்களா என்று பார்ப்பது, கதவைக் கவனிப்பது எல்லாம் எங்கள் வேலை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருவர் குளியலறைக்குள் போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும்.

சாரல் விழத் தொடங்கினால் இரண்டு பேராக இருக்கும் நாங்கள் ஒருவராகிவிடுவோம். குற்றாலத்தில் கூட்டம் சேரும். அருவிக்கரையில் முதலுதவி முகாம் போடுவார்கள். அந்தச் சீசன் டூட்டிக்கு எங்கள் பிரிவிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். ஊசி, கட்டு, டிரிப் என்று பரபரப்பில்லாத வார்டு என்பதால் நாங்கள் சும்மா இருப்பதாக நினைப்பு.

ஆனால் அந்த நாட்களில்தான் எங்கள் வார்டும் நிறையும். அருவியில் தலையைக் கொடுத்தால் புத்தி தெளியும் என்று நம்பி, எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் கூட்டி வருவார்கள். கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மிரண்டவர்கள் சாயங்காலம் ஈரத் துணியோடு எங்களிடம் வந்து சேருவார்கள்.

போன சீசனில் என்னை முகாமுக்கு அனுப்பினார்கள். வார்டில் என் கூட்டாளியான அண்ணாச்சி தனியாக இருந்தார். பயந்துபோயிருந்த ஒருவர் தள்ளியதில் அண்ணாச்சி கட்டில் கம்பியில் போய் விழுந்தார். இடது காது கேட்காமல் போயிற்று. தள்ளியவர் மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவன் பயத்துல தள்ளிட்டான், பாவம். என்னைய ஒத்தையில விட்டவனல்லா கேக்கணும்" என்பார்.

அதனால் இந்த வருடம் சாரலுக்கு முன்பே சங்கத்தைக் கூட்டினோம். செயலாளர், பெண்கள் வார்டில் வேலை பார்க்கும் அக்கா. இரண்டு வார்டிலிருந்தும் சீசன் டூட்டிக்கு ஆள் எடுக்கக் கூடாது, இது ஒன்றுதான் கோரிக்கை. டூட்டி போடும் மருத்துவமனை அதிகாரியிடம் பேச அக்காவும் அண்ணாச்சியும் நானும் போவதென்று முடிவானது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன்.

"முகாமுல நின்னவன் நீதானய்யா? நீ வராம நான் போயி என்னத்தச் சொல்லுதது?" என்று அக்கா முடித்துவிட்டார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் முதலில் 'ஆமா' என்போம். பழைய கண்டக்டர் ஒருவர் வார்டில் இருந்தார். தினமும் வாசலுக்கு வந்து, "ராயகிரி வண்டி வந்துட்டுல்லா?" என்பார். "ஆமா கண்டக்டரே, வந்துரும். ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஏறுவோம்" என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார். இல்லை என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க வாசலை விட்டு நகரமாட்டார்.

அதிகாரி வெளியூர்க்காரர். தன்மையாகத்தான் பேசினார். என் பக்கம் திரும்பி, "சீசன் வரைக்கும்தானே? வார்டுல ஒரு ஆள் சமாளிக்கலாமே?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

"பாத்தீங்களாம்மா, உங்க ஆளே ஒத்துக்கிட்டார்."

அக்கா என்னை முறைத்தார். அண்ணாச்சி நல்ல காதை என் பக்கம் திருப்பி, "என்னவே சொன்னீரு?" என்றார்.

"ஆமான்னுட்டாரு அண்ணாச்சி. பேஷன்டுக்குச் சொல்லுதத சாருக்குச் சொல்லிட்டாரு" என்றார் அக்கா.

அதிகாரிக்கு விளங்கவில்லை. அண்ணாச்சி வழக்கத்தை எடுத்துச் சொன்னார்.

"அப்ப நானும் உங்க பேஷன்ட்டா?"

"ஆமா சா..." என்று ஆரம்பித்த அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. எழுந்து நின்றேன். "இல்ல சார். ஒரு ஆளு சமாளிக்க முடியாது. அண்ணாச்சி விழுந்தப்ப தூக்க ஆளில்ல. கதவ விட்டுட்டு வரப்படாதுன்னு ரத்தத்தோட அங்கனயே உக்காந்திருந்தாரு. நாங்க முகாமுக்குப் போகமாட்டோம்."

"போகலைன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்க, தெரியுமா?"

"தெரியும் சார்."

"சரி, ஆண்கள் வார்டுல எடுக்கல. பெண்கள் வார்டு அமைதியாத்தானே இருக்கு? அங்கேயிருந்து மட்டும் ஒருத்தரை அனுப்புங்க."

அக்கா பேசவில்லை. எங்களுக்குக் கிடைத்ததைத் தான் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். அண்ணாச்சிக்கு அது சரியாகக் கேட்கவும் இல்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ரெண்டு வார்டும் சார். ஒண்ணுன்னா வேண்டாம்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறி அவர் எழுந்தார். எங்களைப் போகச் சொன்னார். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"கேட்டுட்டு வாங்க சார். இங்கனயே இருக்கோம்" என்றார் அக்கா.

பக்கத்து அறையில் வெகுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். "இந்த சீசனுக்கு ரெண்டு வார்டுலயும் எடுக்கல, போங்க" என்றார். வாய்ச்சொல்தான். அதை நம்பி வீட்டில் இருக்க முடியுமா? முகாம் தொடங்கிய அன்று காலை, ஷிப்ட் இல்லாதவர்களும் சேர்த்து எல்லோரும் நேரத்தோடு வார்டுக்கு வந்துவிட்டோம். முகாமுக்கு ஆள் ஏற்றும் வேன் வந்து நின்றது. மனநலப் பிரிவிலிருந்து யார் ஏறுவது என்று டிரைவர் கேட்டார். யாரும் ஏறவில்லை.