ஓரம் கோணலான சிம்

புது போனின் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் தாளை உரிப்பதில் ஒரு சுகம் உண்டு. மூலையில் நகத்தை விட்டு மெதுவாக இழுத்தால் சின்னச் சத்தத்தோடு கையோடு வரும். அடியில் யார் விரலும் படாத கண்ணாடி. அதற்காகவே நான் பல போன்கள் மாற்றியிருக்கிறேன். பழையது கெட்டுப்போய் மாற்றியது ஒன்றுகூட இல்லை. பேசும், படம் எடுக்கும், சார்ஜ் நிற்கும். ஆனாலும் கடையில் புதிதாக ஒன்று வந்துவிட்டால் கையில் இருப்பது அன்றைக்கே கிழடாகிவிடும்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. கணபதியில் பவுண்டரி வேலை, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை, அதுவும் சலித்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் ஏறிவிட்டேன். ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று வண்டி எங்கே நின்றதோ அதுதான் ஊர். குழாய்களின் மேல் தார்ப்பாயை விரித்துத் தூங்குவோம். மூக்கு, காது, சோறு எல்லாவற்றிலும் கல்தூசி. ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போட்டுக்கொள்வான், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போனை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நல்லதாக இருக்கட்டுமே என்று பட்டது.

கல்யாணம் ஆனபிறகும் பழக்கம் போகவில்லை. போர் வண்டியை விட்டுவிட்டு இங்கேயே வேலை பார்த்தேன், ஆனால் வேலையும் மாறும், வாடகை வீடும் மாறும், போனும் மாறும். என் மனைவி கோபம் வந்தாலும் ‘ங்க’ போடுவதை விடமாட்டாள். கோபம் கூடக்கூட ‘ங்க’வும் கூடும்.

“ஏனுங்க, இது பேசாதுங்களா? இதுல படம் வராதுங்களா? எதுக்குங்க இன்னொன்னு?”

“புதுசுல கேமரா நல்லா இருக்குது புள்ள.”

“யாரைப் புடிக்கப் போறீங்க? என்னையவா? என்ர மூஞ்சி பழைய கேமராவுலயும் இதேதானுங்க.”

அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. போனை எத்தனை மாற்றினாலும் முதல் நம்பரை மாற்றக்கூடாது. எங்களுக்குப் பேசி முடித்த நாளில் அவளிடம் நான் கொடுத்த நம்பர் அது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். சொந்தமாக ஒரு போன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். “இந்த ஊட்டுல ஒருத்தருக்குப் புடிச்ச பைத்தியம் போதுமுங்க.”

அந்த நம்பரின் சிம் பழைய காலத்துச் சிம், பெரிய தகடு. அடுத்த போனுக்கு அது பொருந்தவில்லை என்று கத்தரிக்கோலால் வெட்டினேன். அதற்கடுத்த போனுக்கு இன்னும் சின்னதாக வேண்டும் என்றார்கள். பவுண்டரி சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்து இறக்கினேன். ஒரு ஓரம் கோணலாகிவிட்டது, ஆனாலும் வேலை செய்தது. புதுச் சிம் கேட்டு வாங்க வழியில்லை. அப்போது என்னிடம் அடையாள அட்டை எதுவும் இல்லாததால் பவுண்டரி மேஸ்திரி அவர் பெயரில் எடுத்துக் கொடுத்தது அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தகடு தொலைந்தால் நம்பரும் தொலைந்தது. நெட்டுக்கென்று பிறகு என் பெயரில் இன்னொரு சிம் வாங்கி, போனில் இரண்டையும் போட்டிருந்தேன்.

கடைசியாக நான் வேலையை விட்டபோது அவள் துணிகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு தொண்டாமுத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்து, மாடியில் ஒற்றை அறை எடுத்தேன். அந்த அறை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மழை முடிந்த ஒரு சாயங்காலம் அவள் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

“செரிங்க, வாரேனுங்க,” என்றாள். கட்டாகிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘வாரேன்’ என்பார்கள். வீட்டுக்காரர்கள் ‘செரிங்க, வாங்க’ என்பார்கள். அப்படிச் சொல்லித்தான் பிரிவோம். அந்த மாதிரிதான் இதையும் எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டு, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, விடை வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். முடித்துக்கொள்கிறாள் என்றுதான் மனதில் விழுந்தது.

மனசு கெட்டால் சிலர் குடிக்கப் போவார்கள். நான் மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு காந்திபுரத்துக்குப் போன் கடைக்குப் போனேன்.

கையில் இருந்தது வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவள் பழைய போனிலிருந்து சிம்மை எடுத்துப் புதியதில் போட்டுக்கொண்டிருந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. கேமராவைத் திறந்து எதிரே சாலையில் போகிற பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஜன்னலில் இருந்த ஒரு குழந்தையின் கண்மை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்தத் துயரமும் இல்லை.

கணபதி பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு அம்மாள் போனில் பேசிக்கொண்டு வந்தார். பேசி முடித்து, “செரி கண்ணு, வெச்சர்றேன்,” என்று போனைப் பைக்குள் போட்டார். அவர் இறங்கும் இடம் வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “வாரேனுங்க,” என்றார்.

“வாங்க, வாங்க,” என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

பஸ் நகர்ந்தது. எனக்குள் ஏதோ இடறியது.

போனில் யாரும் ‘வாரேன்’ என்று சொல்லி முடிப்பதில்லை. ‘வெச்சர்றேன்’ என்பார்கள். என் மனைவியும் எப்போதும் ‘வெச்சர்றேனுங்க’ என்றுதான் சொல்லுவாள். ‘வாரேன்’ என்பது எதிரே நிற்கிற ஆளிடம் சொல்வது. போனில் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம். வருகிறேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

“ஏனுங் மாப்ள, வந்து சேந்துருச்சுங்களா? காலைலயே கெளம்பிருச்சே.”

“எங்க எறங்கறேன்னு சொல்லுச்சுங்க மச்சான்?”

“அதெல்லாம் சொல்லலீங். டவுனுக்குப் போயிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்னுச்சு. பழைய நம்பர்தான் தெரியுமாமா. ஏன், பண்ணலீங்களா?”

அப்போதுதான் புது போனின் மேல்மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு டவர்தான் காட்டியது. என் போனில் சிம்முக்கு ஒன்றாக எப்போதும் இரண்டு காட்டும்.

இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தேன். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் நிலையம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினேன். தொண்டாமுத்தூர் வண்டி நிற்கும் இடத்தில் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். ஒருத்தி, “என்னண்ணா வேணும்?” என்று சத்தம் போட்டாள். அங்கிருந்து கடைக்கு ஓடினேன்.

“ரெண்டு சிம் இருந்துச்சாண்ணா? நான் ஒண்ணுதான எடுத்தேன்,” என்றாள் கவுண்டர் பெண். பிறகு அவளே உதட்டைக் கடித்தாள். “உங்க போனுல ட்ரே மேலயும் கீழயும் போடறது. அடியில இருந்திருக்கும். நான் திருப்பிப் பாக்கல.”

“போன் எங்க?”

“எக்ஸ்சேஞ்ச் போனெல்லாம் பாய் கடைக்குப் போயிரும்ணா. இப்பத்தான் ஆள் வந்து மூட்டையோட எடுத்துட்டுப் போனாங்க. டவுன்ஹால் பின்னாடி சந்து.”

அவளைத் திட்டத் தோன்றவில்லை. சிம்மை மாற்றும்போது பார்த்திருக்க வேண்டிய ஆள் பஸ்ஸைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

டவுன்ஹால் சந்தில் அந்தக் கடை ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். மேசை முழுக்க திறந்து கிடந்த போன்கள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

“தம்பி, மொதல்ல உக்காருங்க. சிம்மெல்லாம் வந்தவுடனே எடுத்து டப்பாவுல போட்டுருவோம். எது யாருதுன்னு தெரியாதே.”

பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே நகம் வெட்டிப் போட்ட மாதிரி சிம்கள். பாதி டப்பா இருக்கும்.

“ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கறேனுங்க.”

“பாருங்க. ஆனா நாளைக்கும் பாக்கணும், நாளன்னைக்கும் பாக்கணும். அப்படி யார் போன் பண்ணப் போறாங்க?”

“என்ர சம்சாரம்.”

“அவங்க நம்பரை வேற எங்கயும் எழுதி வெக்கலியா?”

“அதுகிட்ட போனே இல்லீங்க. அதுக்குத் தெரிஞ்சது என்ர பழைய நம்பர் ஒண்ணுதானுங்க. சிம் ஓணுமுங்க. அது வெட்டின சிம். ஓரம் கோணலா இருக்கும்.”

“அட, வெட்டின சிம்மா! அதை மொதல்ல சொல்ல வேண்டாமா!” பாய் மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். “இப்பெல்லாம் எவன் சிம்மை வெட்டறான். எல்லாம் மெஷின்ல அறுத்தே வருது.”

இரண்டு பேரும் விரலால் தள்ளித் தள்ளித் தேடினோம். கையில் தட்டுப்பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் சாணைக்கல்லில் தேய்த்த ஓரம் அது. புது போனையும் சிம்மையும் அவரிடமே நீட்டினேன். பாய் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

டவர் வர நேரமானது. வந்ததும் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. ஒரே நம்பரிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. எனக்குத் தெரியாத நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன்.

“பேக்கரிங்க,” என்றார் ஒருவர். பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தம்.

“இந்த நம்பர்ல இருந்து எனக்குப் போன் வந்திருக்குதுங்க. ஒரு அம்மணி...”

“ஓ, நீங்கதானுங்களா அது! ஏனுங்க, போனை எங்க போட்டிருந்தீங்க? அந்த அம்மணி காலைல இருந்து உள்ளார பெஞ்சுல உக்காந்துட்டு இருந்துச்சுங்க. என்ர போனைக் கேட்டுக் கேட்டுப் பண்ணுச்சு. ஸ்விட்ச் ஆப்னே வருது. டீ குடிம்மான்னாலும் வேண்டாமுங்கறது. காந்திபுரம் டவுன் பஸ்ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லதானுங்க கடை.”

அந்தக் கடை எனக்குத் தெரியும். அதன் வாசலைத் தாண்டித்தான் நான் போன் கடைக்கு ஓடினேன்.

“இருக்குதுங்களா?”

“இப்பத்தான் தொண்டாமுத்தூர் வண்டில ஏறுச்சு. பத்து நிமிசம்கூட ஆகலீங்க.”

“ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?”

“‘போறேனுங்க’ன்னுச்சு. நான்கூட, வாரேன்னு சொல்லு அம்மணி, போறேன்னு சொல்லாதேன்னேன். சிரிச்சுதுங்க. திருத்திச் சொல்லல.”

நான் தொண்டாமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தென்னந்தோப்பு ஓரமாக மச்சான் வெடிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் யானை வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. “உள்ள போங்க மாப்ள. யாருகிட்டயும் பேசாம இருக்குது,” என்றார்.

அவள் வாசலில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பை பக்கத்தில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அடியில் இருந்த சிம், டப்பா, பாய், எல்லாம். ட்ரேயை இழுத்துக் கோணல் ஓரத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

“நான் ஆப் பண்ணி வெக்கல புள்ள. சத்தியமா மறந்துதான்...”

“தெரியுமுங்க. ஆப் பண்ணி வெச்சிருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லைங்க. மொதத் தடவ ஸ்விட்ச் ஆப்னு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. புதுசு வாங்கப் போயிருப்பீங்கன்னு.”

வழியெல்லாம் நான் சேர்த்துக்கொண்டு வந்த விளக்கம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“குடுங்க, பாக்கலாம்,” என்று கையை நீட்டினாள். போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். கண்ணாடிமேல் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது. நகத்தால் மூலையைத் தூக்கப் போனவள், விட்டுவிட்டாள்.

“நல்லா இருக்குதுங்க,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பையையும் எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் கால் வைத்தவளிடம், “வாரேன் புள்ள,” என்றேன்.

“செரிங்க,” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வர வேண்டும். நான் நின்றேன். உள்ளே பீரோ திறக்கிற சத்தமும், துணி வைக்கிற சத்தமும் கேட்டன. தோப்புப் பக்கமிருந்து மச்சான்தான், “வாங்க மாப்ள, வாங்க, இருட்டறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிருங்க,” என்றார். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதாயிற்று.

அந்த நம்பரில் இப்போதும் டவர் இருக்கிறது. பட்டறையில் லேத்து ஓடும்போது சத்தம் கேட்காது என்பதால் போனைச் சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டி, அதிரும்படி வைத்திருக்கிறேன். சில நேரம் லேத்தின் அதிர்வே போன் மாதிரித் தோன்றும். நிறுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பேன். தாள் இன்னும் உரிக்கவில்லை, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி மஞ்சளாகிவிட்டது.