நீல டேப் சுற்றிய பிரஷ்

மஸ்கட்டில் நான் பார்ப்பது ஸ்டீல் ஒர்க்‌ஷாப்பில் பாலிஷ் வேலை. ஓட்டல்களுக்கும் ஜூஸ் கம்பெனிகளுக்கும் எவர்சில்வர் தொட்டி செய்து கொடுக்கிறோம். படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனால் சத்தம் நன்றாக வரும். அதனால் எவர்சில்வர் பக்கத்துக்குக் காவல் மாதிரி என்னைப் போட்டுவிட்டார்கள். சாதா இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ் எவர்சில்வர் மேல் படக் கூடாது. பட்டால் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொண்டு, ஈரம் கண்டதும் துருப் பிடிக்கும். அதற்காகவே எவர்சில்வர் பிரஷ்களுக்கு நீல டேப் சுற்றி வைத்திருக்கிறோம். யாராவது பிரஷ்ஷை மாற்றி எடுத்தால், "ஏ பாய்! காலா பிரஷ் இதர் மாஃபி!" என்று, அதாவது கறுப்பு இரும்பு பிரஷ் இங்கே கூடாது என்று, நான் போடும் சத்தத்தில் கிரேனே நிற்கும்.

தங்குவது ரூவியில், ஒரு ரூமில் நாலு பேர். அதில் மூத்தவர் எங்கள் கம்பெனி பிக்கப் ஓட்டுகிற அண்ணன், புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் மதனி பஸ் ஸ்டாண்டு எதிரில் சர்பத் கடை போடப்போகிறார் என்று, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அடுத்த வாரம் லீவில் போகும்போது அதுவும் போகும். 'ஃபாரின் டிரம் வருது' என்று மதனி தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

எனக்கு அந்தச் சமயம் ஒரு பைத்தியம். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் ஒரு சிட்டிகை, இரண்டு நாள் மூடி வைத்தால் இஞ்சி சோடா. போதை வருமா என்று எல்லோரும் ஆசையாகக் கேட்டார்கள். ஏப்பம் வரும், அவ்வளவுதான். போலீசுக்குப் பதில் சொல்கிற சரக்கு எதையும் நான் காய்ச்சுவதில்லை; ஒழுக்கம் ஒன்றும் இல்லை, பயம்.

"அண்ணே, டிரம்ல குழாய் ஒழுகுதான்னு டெஸ்ட் பண்ணிக் குடுக்கட்டா?" என்றேன்.

"நீ எதுக்குக் கேக்குறேன்னு தெரியும். சுத்தமாக் கழுவி வைக்கணும், ஆமா."

சர்க்கரைப் பாகை அந்த டிரம்மிலேயே அடுப்பில் ஏற்றினேன். அடி பிடித்தது. சோடா பிரமாதம், டிரம்மின் அடி தார் ரோடு. சோப்புக்கும் நாருக்கும் அசையவில்லை. நீல டேப் பிரஷ் ஒன்றை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவரலாம் என்றால், அதெல்லாம் ஸ்டோரில் பூட்டியிருக்கிறது. 'கண்டவன் எடுக்கிறான், பூட்டி வைங்க' என்று சூப்பர்வைசரிடம் போராடிப் பூட்ட வைத்த மகான் நான்தான். வெளியே கிடந்தது சாதா இரும்பு தேய்க்கிற கம்பி பிரஷ். இது வீட்டுப் பாத்திரம்தானே, ஒர்க்‌ஷாப் சட்டம் இங்கே எதற்கு என்று தோன்றியது. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளும் புறமும் தேய்த்தேன். நிலா மாதிரி இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "தொழில்காரன் தொழில்காரன்தான்டா" என்று என் முதுகில் தட்டினார். ஈரத்தோடு பால்கனியில் கவிழ்த்து வைத்தேன். மேல் வீட்டு ஏ.சி.யும் தன் பங்குக்குச் சொட்டியது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் டிரம்மைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

உள்ளே, வெளியே, குழாயைச் சுற்றி, எங்கும் செம்பழுப்புப் புள்ளிகள்.

"டூப்ளிகேட் ஸ்டீலா இருக்கும்ணே" என்றேன் கூசாமல்.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யல்லா, கெளம்பு" என்று டிரம்மை என் தலையில் ஏற்றி, வாங்கின கடைக்கு இழுத்துப் போனார். கடைக்காரர் மலையாளி. டிரம்மைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்து வெச்சா தேச்சது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த குக்கர்களை எண்ணினேன்.

"எந்த பிரஷ்டா?"

"நம்ம... பிரஷ்தாண்ணே."

"நீல டேப்பா?"

நான் அடுத்த வரிசைக் குக்கர்களுக்குப் போனேன். போன மாதம் அண்ணன் இரும்பு பைப்பை இறக்கி எவர்சில்வர் ஷீட் மேல் சாய்த்து வைத்ததற்கு, பத்துப் பேர் முன்னால் அவருக்கு நான் கிளாஸ் எடுத்திருந்தேன். அதை, பைப்புக்குப் பதில் பிரஷ் என்று மட்டும் மாற்றி, அப்படியே என் குரலில், என்னைப் போலவே இடுப்பில் கை வைத்து, கடை நடுவில் ஒப்பித்தார்.

"ஏ பாய்! காலா பிரஷ் இதர் மாஃபி! இது எவர்சில்வர், ஒங்க வீட்டுத் தொடப்பக்கட்டை இல்ல! கண்ணு இருக்கா, புண்ணு இருக்கா?"

கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. இந்தத் துருவுல சர்பத் ஊத்துனா எவன்டா குடிப்பான்?"

அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஆசிட் பேஸ்ட் இருக்கிறது. கையைத் தின்கிற சாமான், குடிக்கிற பாத்திரத்தில் அதைப் பூச எனக்கே தைரியமில்லை. மளிகைக் கடையில், சமையலில் புளிப்புக்குப் போடுகிற எலுமிச்சை உப்பு வாங்கினேன். வெந்நீரில் கரைத்து டிரம்மை நிரப்பி, வெளிப்புறத்துக்கு அதிலேயே துணி நனைத்துச் சுற்றி ஊற விட்டேன். புள்ளிகள் கரைந்தன. போதாது, தூள் மிச்சம் இருந்தால் திரும்ப வரும். நன்றாகக் கழுவி, ஈரத்துணி போர்த்தி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மறுநாள் குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. மறுபடி ஊறல். அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. அண்ணன் டிரம்மைத் துடைத்து, உள்ளே தன் லுங்கிகளைத் திணித்து பேக் பண்ணினார். கையை நீட்டிய என்னிடம், "நீ தொடாத" என்றார்.

ஊர் போய்ச் சேர்ந்த அண்ணன் வீடியோ கால் போட்டார். டிரம் நிறையச் சிவப்பாக சர்பத். பக்கத்தில் ஸ்டூலில் கம்பி நார் ஒன்று கிடந்தது. எனக்குக் காவல்காரப் புத்தி வந்துவிட்டது.

"மதனி, அந்தக் கம்பி நாரத் தூக்கிப் போடுங்க! அத வச்சு மட்டும் டிரம்மத் தேச்சுராதீங்க!"

மதனி போனுக்குள் முகத்தை நீட்டிப் பார்த்தார்.

"அது தோசைக்கல்லுக்குத் தம்பி. டிரம்முக்குத் துணிதான். ஆமா, அந்த பிரஷ் தம்பி நீங்கதானா?"

பின்னால் சர்பத் குடித்துக்கொண்டிருந்த யாரோ இருவர், கிளாஸும் கையுமாக என்னைப் பார்க்க எட்டி வந்தார்கள்.