அம்மன் தங்கிப் போன வீட்டு முன்பணம்

இதை எழுத இத்தனை வருசம் தயங்கினேன். முன்பணம் திரும்பக் கிடைத்ததைப் போய் அம்மன் அருள் என்கிறாளே என்று சிரிப்பார்களோ என்று பயம். படிப்பும் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. இந்த வருசம் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டபோது எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

ஸ்ரீமுக வருசம் பங்குனி மாசம். என் கணவருக்குக் கோயமுத்தூரில் பஞ்சாலை வேலை. பக்கத்திலேயே வரிசையாக வீடுகள் இருந்த ஒரு வளவில், என் கம்மலை விற்று முன்பணம் கொடுத்துக் குடியிருந்தோம். மகள் பொன்னிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். முன்பணத்தைக் கேட்டோம்.

“அம்மை கண்ட ஊட்டுக்கு இனி எவனுங்க வருவான்? ஆள் வர்ற வரைக்கும் வாடகைக்கு அது கழிஞ்சுது, போங்க” என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் முன்பணம் கட்டாவிட்டால், பார்த்து வைத்திருந்த புது வீடும் கைவிட்டுப் போய்விடும். அதுவரை அண்ணன் பெண்டாட்டியான என் நங்கையாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தோம். தகரம் கொதித்தது. பொன்னிக்கு மறுபடி உடம்பு சுட்டது.

வியாழக்கிழமை ஈரச்சேலையோடு கோயிலுக்கு ஓடினேன். “தாயே, நீ வந்து தங்கின ஊட்டை ஆகாத ஊடுங்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீயே சொல்லு” என்று வாய்விட்டு அழுதேன்.

வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். “ஏன் கண்ணு, கொழந்தை பொழச்சுதா?”

“பொழச்சுதுங்க. கண்ணு ரெண்டும் நல்லா இருக்குதுங்க.”

“அப்ப அது அம்மன் குளுந்து போன ஊடு, அம்மணி. அம்மையில ரெண்டு புள்ளைகளைப் பறிகுடுத்தவ நான். இப்ப மூணாவது வயித்துல. எனக்கு அந்த ஊட்டைக் காட்டு.”

வீட்டுச் சொந்தக்காரர் முன்னால் போய் நின்றோம். அந்த அம்மா பணம் முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை.

“முதல்ல இவங்க பணத்தைக் குடுங்க. ஒருத்தி கண்ணீர் உட்ட வாசல்ல நான் பால் காய்ச்ச மாட்டேனுங்க.”

“நீங்க ஊடு பாக்க வந்தீங்களா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா?” என்று முறைத்தார். பிறகு உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை புது வீட்டில் பொன்னியைப் படுக்க வைத்தேன். சாயங்காலம் சூடு தணிந்தது. இப்போது எந்த வீட்டில் அம்மை என்றாலும் ஒதுங்காமல் வேப்பிலையோடு போகிறேன். உங்களுக்குப் பதில் தெரியாத இடத்தில் அவளிடம் விட்டுவிடுங்கள்.

இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வந்தது அம்மனே என்று மட்டும் சேர்க்க வேண்டாம். வந்தது என்னைப்போல் ஒரு பெற்றவள்தான். அவளை அந்நேரத்தில் என் பக்கத்தில் உட்கார வைத்தவள் அம்மன்.