அப்பாவின் தள்ளாட்டம்

முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் சாராயக்கடை இருந்தது. அதனால் அப்பா தள்ளாடி நடந்தபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை. "உங்கப்பா காலையிலயே பூஜைய முடிச்சிட்டாருடி" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பாள். அவர் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகுதான் அவருக்குப் பேச்சும் குழறத் தொடங்கியது. வேலை போன துக்கத்தில் குடிக்கிறார் என்று அம்மாவே நம்பினாள். அப்பா மறுத்தார். குடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் மறுப்பார்கள்.

நானும் நம்பினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் விலங்கியல் படித்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை அவர் மறுபடி பெட்டியில் வைத்தார்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. மூளையின் சிறிய ரத்தக்குழாய்கள் பல வருடங்களாகவே பழுதாகி வந்ததை ஸ்கேன் காட்டியது. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டை டாக்டர், படித்த பெண் என்று என்னிடமே கொடுத்தார். ஒரு மரபணுவில் பிறழ்வு; தள்ளாட்டமும் குழறலும் அதனால்தான். பிறவியிலேயே வந்தது, மருந்தில் மாறாது. பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் பரிசோதிக்கலாம் என்றவர், இதன் முதல் அறிகுறியான தலைவலி வருமா என்று கேட்டார். வரும். வருவதற்கு முன் கண்ணில் வெளிச்சக் கோடுகள் நெளியும். அதைச் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

பஸ் ஏறவில்லை. பெரிய மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு, உப்பளம் வரை போய், அங்கும் நிற்க முடியாமல் வீட்டுக்கு நடந்தேன். ரிப்போர்ட்டை விளக்கியதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாதான் கேட்டார்:

"அப்ப எங்கப்பாவும் குடிக்கலையா?"

தாத்தாவும் கடைசிவரை தள்ளாடியவர்தான்.

"கொள்ளி வெச்சிட்டு வந்தன்னைக்குக்கூட அவர குடிகாரன்னு திட்டினேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு?" என்றார்.

தெரியாது என்றேன்.

"போயி பாத்துட்டு வந்துடு. நாளைக்கு நீ தடுமாறினா இந்தத் தெருக்காரங்க உனக்கும் ஒரு பேர் வெச்சிடுவாங்க."

மறுநாள் போய் ரத்தம் கொடுத்தேன். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை, வீட்டில் யாரும் பார்க்காத நேரமெல்லாம், தரைக்கல்லின் கோட்டின் மேல் நேராக நடந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.