நீலம் குறைந்த கடலைத் தோல்

சித்ராதேவி கல்லூரியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. திருவானைக்காவலில் வீடு. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கல்லூரி வாசல். வேதியியல் துறைக்கு எத்தனையோ பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். எந்தப் புட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தராசை மழைக்காலத்தில் நம்பக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. தான் அளந்தால் அளந்ததுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பேராசிரியர் ஜெய்சங்கர் கடலைத் தோலில் ஆராய்ச்சி தொடங்கினார். வறுத்த வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்து ஊதித் தள்ளுவோமே, அந்தச் சிவப்புத் தோல்தான். அதிலிருக்கும் துவர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்து எண்ணெயில் கலந்தால், எண்ணெயில் சிக்குவாடை சீக்கிரம் ஏறாது என்பது அவர் கணிப்பு. தோலுக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சித்ராதேவி ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து இறக்கினாள். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் கடலை வறுக்கும் பட்டறை வைத்திருக்கும் மன்சூர் கொடுத்தது. காற்றடித்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் பறந்துபோய்ச் சண்டையை இழுத்துவரும் குப்பை அது அவருக்கு. எத்தனை கோணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் வருஷம் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. தோலைப் பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு மருந்தைச் சேர்ப்பாள். சத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். மன்சூரின் தோலில் மயில் கழுத்து நிறத்துக்கு ஏறியது. சாறு கலந்த எண்ணெயையும் கலக்காத எண்ணெயையும் இரண்டு வாரம் சூட்டுப்பெட்டியில் வைத்துத் திறந்தபோது, கலக்காதது குமட்டியது. மற்றது அப்போதுதான் செக்கிலிருந்து வந்ததுபோல் மணத்தது.

அடுத்த வருஷம் ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடி செய்து பார்த்தார்கள். நீலம் பாதிகூட ஏறவில்லை. மூன்று முறை செய்தும் அதே கதை. ஜெய்சங்கர் கோபப்படுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“அளவு ஏதாவது மாறிப்போச்சா, சித்ராதேவி?”

“அளவு மாறல சார். தோல்தான் மாறியிருக்கு.”

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. நாள் குறைவாக இருக்கிறது, முதல் வருஷத்து எண்களை மட்டும் வைத்துக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றார். அது சரிவராது என்று சித்ராதேவி சொன்னாள். ஒரே முறை வந்ததை வைத்து எழுதிவிட்டு, நாளைக்கு வேறு யாராவது செய்து பார்த்து வரவில்லை என்றால் என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டாள்.

முதல் கோணித் தோலில் ஒரு பிடியை அவள் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்தாள். அதையும் புதிய தோலையும் அருகருகே வைத்துச் செய்தாள். அதே மருந்து, அதே கை. பழையது கருநீலம், புதியது வெளிறிய வானம். மருந்து படாத தோல் இரண்டிலும் ஒரு துணுக்கை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். பழையது வாயைச் சுருக்கியது. புதியது காகிதத்தை மென்றதுபோல் சப்பென்று இருந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனாள். கடலையும் அதேதான், வாங்கும் வியாபாரியும் அதே ஆள்தான் என்று மன்சூர் அடித்துச் சொன்னார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. கடலையை அதில் கொட்டிக் கொஞ்ச நேரத்தில் அள்ளினார்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“இது எப்பலேருந்து பாய்?”

“தீபாவளிலேருந்து அக்கா. ஒரு ஸ்வீட் கடைக்கு பர்பிக்கு வெள்ளைக் கடலை வேணுமாம், வறுத்தா நிறம் மாறிடுதாம். தோலை மாடியில காயவச்சுத்தான் உங்களுக்குக் குடுத்தேன். தோலுக்கு இதெல்லாம் கணக்கான்னு நான் சொல்லல.”

அண்டாவில் மிஞ்சிய தண்ணீர் பாலில்லாத டீயைப்போலச் செக்கச்செவேல் என்று இருந்தது. பட்டறை ஆள் அதைச் சாக்கடையில் சாய்க்கப் போனார். சித்ராதேவி நிறுத்தச் சொல்லி, இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன கஷாயம், எந்த வைத்தியர் கொடுத்தது என்று விசாரித்தார். கடலை ஊறிய தண்ணீர் என்றதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தத் தண்ணீரில் மருந்தை விட்டதும் கருவி எண் காட்ட முடியாத அளவுக்கு நீலம் ஏறியது. பத்து மடங்கு நீர்க்கவைத்த பிறகுதான் அளக்க முடிந்தது. தோலில் காணாமல்போன சத்து அத்தனையும் வெந்நீரில் இறங்கியிருந்தது. ஜெய்சங்கர் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தோலை உரிக்கிற விதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, இனி கட்டுரையின் விஷயமே இதுதான் என்றார். அளவு மாறியதா என்று கேட்டதற்காக வருத்தமும் தெரிவித்தார்.

சித்ராதேவி அந்த நேரத்தை விடவில்லை.

“கட்டுரையில என் பேரு வரணும் சார். கடைசியில நன்றின்னு போடுறது இல்ல, எழுதினவங்க வரிசையில.”

அந்தத் துறையில் ஆய்வக உதவியாளர் பெயர் அப்படி வந்ததே கிடையாது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“மூணாவதா போடலாமா?”

“ரெண்டாவதா போடுங்க சார். தண்ணிய சாக்கடைக்குப் போகவிடாம பிடிச்சது நான்தானே.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவதாகவே போட்டார். கருத்தரங்கில் வெந்நீர்ப் பகுதியை அவளையே பேசவைத்தார். கேள்விகள் வந்தபோது வறுத்த தோல், வெந்நீரில் உரித்த தோல், அந்தத் தண்ணீர் என்று மேஜையிலிருந்த மூன்று குழாய்களை வரிசையாகத் தூக்கிக் காட்டினாள். அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது, அவர்கள் ஒரு சோதனையை மறுபடி செய்து அனுப்பச் சொன்னார்கள். செய்து அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

மன்சூர் இப்போது வறுத்த தோலையும் வெந்நீர்த் தோலையும் தனித்தனி டிரம்மில் போடுகிறார். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கோணி ஒன்றை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பியதிலிருந்து அவர் மழைக்குத் தார்ப்பாய் போடவும் மறப்பதில்லை. சிவப்புத் தண்ணீரைப் பொடியாக்கும் வேலை கல்லூரியில் நடக்கிறது. துவர்ப்பு இறங்கிய தோலில் நார்ச்சத்து அப்படியே இருப்பதால், பூஞ்சை நச்சு இல்லை என்று சோதித்த தோலாக எடுத்துப் பொடித்து, பிஸ்கட் மாவில் எவ்வளவு சேர்க்கலாம் என்று சித்ராதேவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவர் காசிநாதன் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுபோய், கூட வேலை செய்பவர்களிடம் கருத்துக் கேட்டு வருகிறார். ருசி நன்றாக இருக்கிறது, நாக்கில் கொஞ்சம் நரநரவென்கிறது என்றார்களாம். அடுத்த தடவை பொடியை இன்னும் மெல்லிய சல்லடையில் சலிக்கப் போகிறாள்.