கரி பஸ்ஸில் கல்யாணத்துக்கு

காசிக்கும் கொழும்புக்கும் போய் வந்தவர்கள் எழுதுவதைப் பத்திரிகைகளில் ஆசையோடு படிப்பேன். நான் எழுதப்போவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரைக்கும் உள்ள ஏழு மைல் பயணத்தைப் பற்றி. அதற்கு எனக்கு அரைநாளுக்கு மேல் பிடித்தது. அன்றைக்கு மாலை இராஜபாளையம் சர்ச்சில் கல்யாணம். மணப்பெண் நான்தான்.

யுத்த காலம் அது. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. மூன்று நாளாக மலைப் பக்கம் மழை விடவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமையே ரயிலில் போய்விட்டார்கள். நானும் அவர்களோடு போயிருக்கலாம். "தாலி ஏறுறதுக்கு முன்னால பொண்ணு மாப்பிள்ளை ஊர்ல ராத்தங்கக் கூடாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதனால் அம்மாவும் நானும் அம்மாவின் அண்ணன் எபனேசர் மாமாவும் மட்டும் சனிக்கிழமை பகலில் பஸ் ஏறுவதாக முடிவாயிற்று. அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை செய்ய வேண்டிய காரியம் எல்லாம் மாமாதான்.

நான்கு மணிக்குக் கல்யாணம். மாலை ஏழு மணிக்கு மேல் கிறிஸ்தவக் கல்யாணம் நடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு ஆயத்தம் செய்யும் அட்வெந்து நாட்களின் தொடக்கம். அதிலிருந்து கிறிஸ்மஸ் முடியும்வரை எங்கள் சபையில் கல்யாணமே கிடையாது. மாப்பிள்ளை லீவு முடிந்து திங்கட்கிழமை ரயிலேற வேண்டும். பட்டாளத்தில் லாரி பழுது பார்க்கும் பிரிவில் அவர் மெக்கானிக். அசாம் பக்கம் போட்டிருந்தார்கள். இத்தனையும் தெரிந்துதான் பன்னிரண்டு மணிக்கு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

பெட்ரோல் கிடைக்காத நாட்கள் ஆகையால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர அடுப்பு. அதில் கரியைப் போட்டு மூட்டி, பக்கத்திலிருக்கும் கைப்பிடியைக் கிளீனர் சுற்றிக்கொண்டே இருந்தால் காற்று உள்ளே போய்ப் புகை ஏறி, அதற்கப்புறம் வண்டிக்கு உயிர் வரும். அன்று கரி நனைந்திருந்தது. கிளீனர் சுற்றினார், டிரைவர் சுற்றினார், இறங்கி நின்ற பயணிகளும் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றினார்கள்.

டிரைவர் சுப்பராஜு இராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாமா அவரிடம் போய், "கல்யாணப் பொண்ணு இருக்கு. நாலு மணிக்குள்ள சேத்துருவீகளா?" என்றார்.

"நான் சேக்கேன்யா. இந்த அடுப்பு சம்மதிக்கணும்" என்றார் சுப்பராஜு.

ஒன்றரை மணிக்கு அடுப்பு சம்மதித்தது. "பதண்டி, பதண்டி" என்று தெலுங்கில் அவசரப்படுத்தி அவர் எல்லாரையும் ஏற்றினார். ஆளுக்கு மூன்று அணா டிக்கெட். கல்யாணச் சேலை இருந்த தகரப்பெட்டியை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

என் பக்கத்தில் தளவாய்புரத்துக்குப் போகும் ஒரு பெண் உட்கார்ந்தாள். பெயர் மாரியம்மாள். முப்பது வயதிருக்கும். அக்காள் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாளாம். என் தலையிலிருந்த பூவையும் அம்மாவின் பெட்டியையும் பார்த்து, கேட்காமலே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

"மாப்பிள்ளையப் பாத்திருக்கியா?"

"ஒரு தடவ. பொண்ணு பாக்க வந்தப்ப."

"பேசிருக்கியா?"

"இல்ல."

"பட்டாளத்துக்காரரோ?"

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஊரில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தார்கள். நான் கையிலிருந்த கைக்குட்டையை முறுக்கினேன், பிரித்தேன், மறுபடி முறுக்கினேன்.

மடவார்வளாகம் கோபுரம் தாண்டியதும் ஒரு சின்ன மேடு. அந்த மேட்டில் பஸ் இருமிவிட்டு நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். மாமா கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட்டோடு கைப்பிடியைச் சுற்றப் போய், திரும்பி வரும்போது கோட்டின் முன்பக்கம் முழுதும் கரி. அம்மா தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். கரி இன்னும் நன்றாகப் பரவியது. பஸ் பத்தடி போவதும் நிற்பதுமாக இருந்தது. வலதுபுறம் மலை முழுதும் மேகத்துக்குள் போய்விட்டது. என்னால் உட்காரவும் முடியவில்லை, இறங்கி நிற்கவும் முடியவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கியிருப்பேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பஸ் நிற்கும்போதெல்லாம் நான் பயந்தது நிஜம். அதே நேரத்தில், போய்ச் சேராமலே இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை எனக்காகக் காத்திருப்பார்கள். முகம்கூடச் சரியாக நினைவில்லாத ஒருவருக்காக நான் வருஷக்கணக்கில் தபால்காரனை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். பஸ் கிளம்பினால் பயம், நின்றால் பயம். எந்தப் பயம் பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கரை மணிக்குப் பாதி வழியில் ஓர் ஓடைக்கு வந்தோம். சாதாரண நாளில் அதில் கணுக்கால் தண்ணீர்கூட ஓடாது. அன்று மலைத்தண்ணீர் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் நான்கு மாட்டுவண்டிகள், அக்கரையில் இரண்டு.

சுப்பராஜு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "தண்ணி அடுப்புக்குள்ள ஏறுனா அம்புட்டுத்தான். பொறவு நாளைக்குத்தான் மூட்டணும். நான் எறக்க மாட்டேன்யா."

"எப்ப வடியும்?" என்றார் மாமா.

"மேல மழை நின்னாத்தான்."

அம்மா அழ ஆரம்பித்தாள். ஒருநாள் முன்னால் அனுப்பாமல் பிடிவாதம் பிடித்ததை நினைத்து அழுகிறாள் என்பது தெரிந்தது. மாமா தண்ணீரைப் பார்த்தபடியே, "கர்த்தருக்குச் சித்தமில்ல போல. திரும்பிருவோமா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் அங்கே நிற்க முடியாமல் கரையோரமாக நடந்தேன்.

அக்கரையில் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது தெரிந்தது. காக்கி டிரவுசர், அதற்கு மேலே புத்தம்புது வெள்ளைச் சட்டை. நடுவில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இரண்டு தடவை சாய்ந்து நிமிர்ந்தார். வண்டிக்காரர்கள், "ஏலே, சைக்கிள விட்டுட்டு வாலே" என்று சத்தம் போட்டார்கள். அவர் விடவில்லை. கரையேறியதும் சைக்கிளை ஒரு வேலமரத்தில் சாய்த்துவிட்டு நேரே மாமாவிடம் போனார். அப்போதுதான் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது.

மூன்று மணி வரைக்கும் பஸ் வராததால், சிநேகிதர் ஒருவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா தலையாட்டினார். அவர் என்னிடம் வந்து நான்கடி தள்ளி நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"செத்த நேரம் உங்ககிட்டப் பேசணும்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க ஒரு வார்த்தை பேசல. உங்க மனசு என்னன்னு எனக்குத் தெரியாது. நான் போற எடத்துல என்ன ஆகும்னும் தெரியாது. திரும்பி வந்துருவேன்னு வாக்குக் குடுக்க என்னால ஏலாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "மனசில்லன்னா இப்பச் சொல்லிருங்க. ஓடையில தண்ணி, கடக்க முடியலன்னு எங்க வீட்ல போய்ச் சொல்லிருதேன். உங்களை யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

இருபத்திரண்டு வயது வரைக்கும் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எந்த ஊரில் படிப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பது, யாரைக் கட்டுவது எல்லாம் மற்றவர்கள் பேசி முடித்து எனக்குச் சொல்லப்பட்டவை. பதிலுக்கு நான் வேறு ஏதோ கேட்டேன்.

"சைக்கிள எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? அக்கரையிலயே வச்சிருக்கலாமே."

அவர் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும். "ஆமா" என்றார். "அவசரத்துல ஒண்ணும் ஓடல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்" என்றேன். "நீங்களும் மாமாவும் அவுகளப் பிடிச்சிக்கிடுங்க. நான் வந்துருவேன்."

நான் மாரியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அன்றிரவுக்குள் வீடு போயாக வேண்டும். தண்ணீர் சில்லென்று முழங்காலுக்கு ஏறி, பிறகு இடுப்புக்கு வந்தது. காலுக்கடியில் கல் உருண்டது. "கீழ பாக்காத. அந்தப் பனைய மட்டும் பாரு" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டியை ஒரு வண்டிக்காரர் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிள் மறுபடியும் தோளேறி வந்து சேர்ந்தது.

அக்கரையில் நின்ற வண்டி ஒன்று இராஜபாளையத்துக்குத் திரும்ப ஒப்புக்கொண்டது. மாடுகளின் நடைக்குப் போனால் ஏழு மணி தாண்டிவிடும் என்று வண்டிக்காரர் சொன்னார். பாதிரியார் ஏழு அடித்தால் புத்தகத்தை மூடிவிடுவார். எல்லாரும் சைக்கிளைப் பார்த்தோம்.

"தாலி கட்டாம எப்படி ஒரே சைக்கிள்ல?" என்றாள் அம்மா.

"கட்டணும்னுதான் போகச் சொல்லுதோம்" என்றார் மாமா.

மாரியம்மாள் அம்மாவைக் கைபிடித்து வண்டியில் ஏற்றினாள். அந்தச் சந்தடியில் நான் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சகதியில் சைக்கிள் மிதிப்பது லேசில்லை. மொட்டைமலை தெரிகிற இடத்தில் செயின் கழன்றது. அதை அவர் இருட்டத் தொடங்கிய வெளிச்சத்திலும் ஒரு நொடியில் மாட்டிவிட்டார். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் வண்டித்தடத்துக்குள் சக்கரம் இறங்கி இருவரும் விழுந்தோம். என் முழங்கை சிராய்ந்தது. அவர் பதறிப்போய், "எலும்பு ஏதும்?" என்றார். "இல்ல, நடப்போம்" என்றேன். ஒரு மைல் நடந்திருப்போம். அசாமில் லாரிகள் அச்சு வரைக்கும் சேற்றில் புதைவதையும், மூங்கிலை வெட்டிப் போட்டு அவற்றை ஏற்றுவதையும் சொன்னார். நான் என் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாமல் ஜன்னல் வழியே குதித்து ஓடும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். "நானும் அந்த ஜாதிதான்" என்றார்.

ஆறே முக்காலுக்கு சர்ச் வாசலில் நின்றோம். பாதிரியார் கையில் கடிகாரத்தோடு படியிலேயே இருந்தார். கல்யாணச் சேலை மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தது. "அம்மா வரட்டுமே" என்றேன். பாதிரியார் கடிகாரத்தைக் காட்டினார். முந்தின நாளே வந்திருந்த சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பீடத்தின்முன் நிறுத்தினார். வழிநடைச் சேலை, அதில் முழங்கால் வரை செம்மண், சிராய்ந்த முழங்கை. தாலி ஏறியது.

கையெழுத்துப் போட்டு முடித்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பின்வரிசைப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒரே பிள்ள. நான் பாக்கலியே" என்றாள், சின்னக் குரலில். அழக்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பாதிரியார் கழற்றப்போன அங்கியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சட்டத்துக்குச் செஞ்சாச்சு. இது உங்களுக்கு. பிள்ளைக்குச் சேலைய உடுத்திக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். நான் பட்டுடுத்தி வந்தேன். முழங்காலில் நின்ற எங்கள் தலைமேல் கைவைத்து ஆசீர்வாத ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி வாசித்தார். அம்மா முன்வரிசைக்கு வந்து நின்று பார்த்தாள். வாசலில் மாரியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, தளவாய்புரம் வண்டி போய்விடும் என்று போய்விட்டாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் கோயில் மணி எழுப்பும். இராஜபாளையத்தில் மில் சங்கு எழுப்பியது. சங்கு ஊதினால் தெரு முழுதும் சாப்பாட்டுத் தூக்கோடு நடக்கும். அந்த ஊரில் யாரும் மெதுவாக நடந்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு ரயில். மாமியார் அழுது ஓய்ந்து படுத்துவிட்டார்கள். மாமனாருக்கு மில்லில் ஷிப்ட். வழியனுப்ப ஒரு குதிரைவண்டியில் அவரோடு நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளைய அடிக்காதீங்க. ஜன்னல்ல குதிக்கிறத" என்றார். அவர் திரும்பி வருவதற்கு யுத்தம் முடிய வேண்டியிருந்தது. அது அப்போது தெரியாது.

ரயில் போனபின் வெளியே வந்தால் குதிரைவண்டி போய்விட்டிருந்தது. நடந்தேன். இரண்டு தெரு தாண்டியதும் நின்றுவிட்டேன். வீட்டுக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் ஒரு பெண் குடம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுக்குப் போகணும்?" என்றாள்.

புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இல்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

"செல்லையா வீட்டுக்கு" என்றேன்.

தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "யாரு?" என்றாள்.

மறுபடியும் சொன்னேன்.