இரத்தம் வரட்டும் என்று காத்திருந்தோம்

நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். பள்ளிப் படிப்பு மட்டும்தான். மருத்துவம் பற்றி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பல்லுக்காக அலையும் இன்னொரு தாய்க்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

அபிராமத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பது வயது மகள் செல்வியின் முன்பல், அடிபம்பின் கைப்பிடி பட்டு ஒடிந்தது. இரண்டு நாளில் வலி நின்றதால் விட்டுவிட்டோம். அதுதான் தவறு. சில மாதத்தில் ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள்.

"புடுங்கிட்டு ஒண்ணு கட்டிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

இராமநாதபுரத்தில், மாணவர்கள் பயிற்சி பெறும் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். பல்லின் உள்சதை செத்துவிட்டது, வேரும் முழுதாக வளரவில்லை என்றார் பெரிய டாக்டர். மறுவளர்ச்சி வேர் சிகிச்சை (வேருக்குள் இரத்தம் வரவைத்து, அது உறைந்த இடத்தில் புதுத் திசு வளர விடுவது) செய்து பார்க்கலாம். தவறினால் பல் நிற்பது கடினம் என்றார். ஒரு மாணவி செய்வாள், அவர் கூடவே நிற்பார். பிடுங்கிய பற்களில் பழகியவள். வாயில் இருக்கும் பல்லில் அவளுக்கு இதுதான் முதல்.

முதல் நாள் சுத்தம் செய்து மருந்து வைத்தாள். மூன்று வாரம் கழித்து, ஈறு மரத்துப்போக மரப்பூசி போட்டு, இரத்தம் வரவைக்க மெல்லிய கம்பியை வேரின் நுனியைச் சற்றுத் தாண்டி விட்டாள். இரத்தம் வரவில்லை. மறுபடி விட்டாள். அப்போதும் வரவில்லை.

"எந்த ஊசிம்மா போட்ட?" என்றார் பெரிய டாக்டர்.

"எப்பவும் போடுறதுதான் சார்..." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. வழக்கமான மரப்பூசியில் இரத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து கலந்திருக்குமாம். இதற்கு அது கலக்காத ஊசி வேண்டும்.

என் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுக்கா."

செல்வி மரத்த உதட்டோடு, "எங்கிட்ட ரத்தமே இல்லையாம்மா?" என்றாள். சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். ஊசி போட்ட மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் வாங்க. நானே செய்றேன்" என்றார் டாக்டர்.

எப்படி வாய் திறந்தேனோ தெரியவில்லை. "அந்தப் புள்ளையே செய்யட்டும் சார். இனிமே அது மறக்காது."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, நம்ம புள்ள வாயிலதான் அது படிக்கணுமா?"

"ஒளிக்காமச் சொன்னுச்சுல்ல" என்றேன்.

பிள்ளை விழுந்தால் இரத்தம் வரக் கூடாது என்று வேண்டியே பழகியவள், அடுத்த வாரம் இரத்தம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

"வந்துருச்சுக்கா" என்றாள் மாணவி. உறைந்ததும் மேலே மருத்துவச் சிமெண்டு வைத்து அடைத்தாள்.

பிறகு காத்திருப்புதான். விதைப்பும் அறுப்பும் போய், ஒரு எக்ஸ்ரேயிலிருந்து அடுத்த எக்ஸ்ரே வரைதான் எங்களுக்குக் காலம். என் நாக்கும் அடிக்கடி என் முன்பல்லைத் தடவிப் பார்க்கிறது. இத்தனை வருடம் அது அங்கே இருந்ததை நான் நினைத்ததே இல்லை.

ஒரு வருடம் கழித்து, வேர்ச்சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்து, சில்லென்று தெரிகிறதா என்று கேட்டார்கள். "தெரியுற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு" என்றாள் செல்வி. சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலும் போகலாம், பல் நின்றாலே நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சேமியா ஐஸ் வாங்கினாள். முன்பல்லால் ஒரு கடி கடித்தாள். அந்தப் பல் கூசுகிறது என்று மீதியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.